இருபத்து மூன்றாவது மாணவர்

ஜெசிந்தா டீச்சருக்கு அன்றைக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஐ.டி.ஐ.யில் பதினோரு வருஷமாக வெல்டிங் சொல்லித் தருகிறவளைச் சோதிக்க அதிகாரி தண்டபாணி வந்திருந்தார். செய்முறைத் தேர்வில் பாதிப் பேர் ஃபெயில். "ஆசிரியருக்குத் திறமை போதாது" என்று படிவத்தில் ஆபீசிலேயே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னைக்கு நானே உன் மாணவன். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தகட்டை ஒண்ணா வெல்டு பண்ண எனக்குக் கத்துக்கொடு. இல்லேன்னா மாற்றல்தான். எனக்குன்னு தனிச் சலுகை எதுவும் வேணாம்!"

"சரிங்க சார்" என்றாள் ஜெசிந்தா. வருகைப் பதிவேட்டில் கடைசியாக அவர் பெயரை எழுதினாள். தோல் ஏப்ரனை மாட்டிவிட்டு, வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். மிஷின் நாலில் மூன்று பழுதாகி வருஷம் இரண்டாகிறது. ஓடுகிற ஒன்றின் முன்னால் இருபத்திரண்டு பேர் நின்றார்கள்.

பத்து மணிக்கு நின்றவர் மதியச் சாப்பாட்டையும் ஏப்ரனோடேயே சாப்பிட்டார். நாலு மணிக்குப் பெல் அடித்தபோது அவருக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையே!"

"உங்க முறை நாளைக்கு வரும் சார்." ஜெசிந்தா அவருடைய படிவத்தை எடுத்து நீட்டினாள். "நாள் பூரா நின்னும் நீங்க கத்துக்கலை. யாருக்குத் திறமை போதாதுன்னு எழுதப் போறீங்க, எனக்கா, உங்களுக்கா?"

இருபத்திரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்டபாணி பேனாவைத் திறந்து, எழுதியிருந்ததை அடித்தார்.

"மிஷின் எப்போ பழுதாச்சு, சொல்லும்மா."

"அது பெரிய கதை சார். ஏப்ரனைக் கழட்டிட்டு உட்காருங்க."