இருவாச்சி சொல்லாத வார்த்தை

ஒரு காட்டில், மழை பெய்யாத ஒரு கோடையில், ஒரே ஓர் அத்திமரம்தான் பழுத்து நின்றது, குழந்தைகளே. மற்ற மரங்களில் இலைகூடச் சரியாக இல்லை. அந்த அத்தியின் அடியில் ஒரு புலி வந்து படுத்துக்கொண்டது.

புலி பழம் தின்னாது. ஆனால் யாராவது புகழ்ந்தால் போதும், அப்படியே நம்பிவிடும். அதன் பக்கத்திலேயே திரிந்த நரிக்கு இது நன்றாகத் தெரியும்.

நரி ஒரு சட்டம் போட்டது. "பழம் வேணும்னா தலையைத் தரையில வைக்கணும். 'இந்தப் பழத்தைப் படைச்சவர் புலியார்'னு சொல்லணும். சொல்லாதவன் வாயில ஒரு பழம் போகாது."

கிளைக்குக் கிளை குரங்குகள் காவல் நின்றன. நரிக்கு நண்டு பிடித்துக் கொடுத்தவர்களுக்கு நல்ல பழம். சும்மா வந்தவர்களுக்கு அணில் கடித்த மிச்சம்.

முதல் நாள் விலங்குகள் கூசிக் கூசிச் சொல்லின. நாலாம் நாள் கூச்சம் போய்விட்டது. பத்தாம் நாள் யார் உரக்கச் சொல்வது என்று போட்டியே நடந்தது.

சொல்லாதது இருவாச்சி ஒன்றுதான். வளைந்த பெரிய மஞ்சள் அலகுள்ள பறவை அது. அலகு நீளம், நாக்கு குட்டை. அதனால் பழத்தை மேலே தூக்கிப் போட்டு, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துதான் விழுங்கும். அப்படி நிமிரும்போதெல்லாம், "கடவுளே, நீ தந்தது" என்று சொல்லிக்கொள்ளும்.

அதற்கு வீட்டில் பெரிய கஷ்டம். முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய், வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். அலகு நுனி நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் உள்ளே சாப்பாடு. இப்போது குஞ்சும் பொரித்துவிட்டது.

மூன்று நாளாக இருவாச்சி மலை தாண்டிப் போய் அலைந்தது. கிடைத்தது இரண்டு வண்டுதான். குஞ்சின் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

காவலுக்கு நின்ற கருங்குரங்கு அதற்குப் பழைய சிநேகிதன். "என்னண்ணே இது வீம்பு?" என்றது. "ஒரு வார்த்தைதானே! வாய் சொல்லட்டும், மனசு பாட்டுக்குச் சும்மா இருக்கட்டும். நான் அப்படித்தான் சொல்றேன். பாரு, தொந்தியே விழுந்துடுச்சு."

"என் வாயும் மனசும் ஒரே ஆளோடது, தம்பி."

"சரி, நீ சொல்லாதே. உன் பேரால நானே சொல்லிட்டேன். இந்தா, பிடி."

இருவாச்சி தயங்கியது. குஞ்சின் குரல் காதுக்குள் கேட்டது. பழத்தை வாங்கிக்கொண்டு பறந்தது.

கீறல் வழியாகப் பழத்தை நீட்டியதும் மனைவி கேட்டது: "எப்படிங்க கிடைச்சது?"

இருவாச்சிக்குப் பொய் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொன்னது. அடுத்த நொடி பழம் கீறல் வழியே வெளியே வந்து விழுந்தது.

"இந்த இருட்டுல எனக்குத் துணை கடவுள் ஒருத்தன்தான். அவனைக் கைவிட்டு வாங்கின பழம் எனக்கு வேண்டாங்க."

"பிள்ளை?"

"அழுதுட்டுத்தான் இருக்கு. எனக்கு மட்டும் வயிறு எரியலையா? அடுத்தவன் முதுகுக்குப் பின்னால நிக்காம, நேராப் போய்க் கேளுங்க."

மறுநாள் காலை எல்லா விலங்குகளும் கூடியிருந்த நேரத்தில், ரயில் வருவதுபோல் ஒரு சிறகோசை கேட்டது. இருவாச்சி வந்து புலிக்கு எதிரிலேயே இறங்கியது.

"வாடா மூக்கா! பசி வந்ததும் வழிக்கு வந்தியா?" என்றது நரி. "குனி!"

"குனிஞ்சா எனக்குத் தொண்டையில இறங்காது, நரியாரே. என்னைப் படைச்சவன் அப்படித்தான் படைச்சிருக்கான்."

"உன்னைப் படைச்சதும் புலியார்தான்!"

புலி ஆமாம் என்று தலையாட்டியது.

இருவாச்சி புலியைப் பார்த்தது. "அப்படியா? அதோ உச்சிக்கிளையில ஒரு பச்சைக்காய் தெரியுது. படைச்சவருக்கு அதைப் பழுக்கவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இப்பவே அது பழுக்கட்டும், நானும் குனியறேன்."

நரிக்கு வியர்த்துவிட்டது. "மகாராஜா, இந்த மூக்கனோட நமக்கு என்ன பேச்சு?"

"ஏன், என்னால முடியாதா?"

"ஐயோ, முடியாமலா! தாராளமா முடியும்..."

"அப்புறம் என்ன?"

புலி எழுந்து, மார்பை விரித்து, "பழு!" என்று உறுமியது.

மரம் கிடுகிடுத்தது. குரங்குகள் அலறிக்கொண்டு தாவின. கிளைகள் குலுங்கி, ஏற்கெனவே பழுத்திருந்த பழமெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. உச்சிக்கிளைக் காய் மட்டும் பச்சையாகவே ஆடிக்கொண்டிருந்தது.

"பழுடா!" புலி மறுபடியும் உறுமியது. மறுபடியும் பழம் கொட்டியது. ஒன்று நரியின் மூக்கிலேயே விழுந்து நசுங்கியது.

முள்ளம்பன்றி வாய் நிறையப் பழத்தோடு கத்தியது: "மகாராஜா, இன்னொரு தடவை! இந்தப் பக்கம் இன்னும் விழலே!"

முதலில் மான் சிரித்தது. பிறகு கருங்குரங்கு. பிறகு காடே சிரித்தது. யாரும் எந்த வார்த்தையும் சொல்லாமல் தின்றுகொண்டிருந்தார்கள்.

புலி தன் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. வாலை இடுக்கிக்கொண்டு புதருக்குள் போனது. "அது அந்தக் காயோட தப்பு, மகாராஜா!" என்று நரி பின்னாலேயே ஓடியது.

இருவாச்சி தொண்டை கொள்ளுமட்டும் பழத்தை நிரப்பிக்கொண்டு பொந்துக்குத் திரும்பியது. நடந்ததைக் கேட்டபின் மனைவி அலகை நீட்டி வாங்கிக்கொண்டது. முதல் பழம் குஞ்சுக்கு.

"நரி சும்மா இருக்க மாட்டான்," என்றது இருவாச்சி. "நாளைக்கு வேற ஒரு வார்த்தையோட வருவான்."

"வரட்டுமே," என்றது உள்ளிருந்து மனைவி. "அதையும் சொல்ல மாட்டோம்."

நீதி: ஊரே சொன்னாலும் பொய் பொய்தான், கடவுளுக்கு உரிய நன்றியைப் பசிக்கும் பயத்துக்கும் விட்டுக்கொடுக்காதே.