எட்டுப் புழுவும் நாற்பது புழுவும்

முள்ளிமடை ஏரியில், கரை உடையாமல் பார்த்துக்கொள்ளும் கரைக்காவல் வேலை காலியாக இருந்தது. அந்த வேலைக்கு வரும் பறவை பகல் முழுவதும் கரையை விட்டு நகரக் கூடாது. இரை தேடவும் போக முடியாது. அதனால் ஏரியில் வாழ்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து அதற்குக் கூலியாகப் புழு கொடுப்பார்கள். யாருக்கு எத்தனை என்று முடிவு செய்கிறவர் ஏரித் தலைவர் நீர்நாய்.

வேலை கேட்டு முதலில் வந்தவள் செவந்தி என்ற ஆள்காட்டிக் குருவி. ஏரிக்கரைக் கல்லூரியில் மூன்று மழைக்காலம் படித்தவள். நண்டு வளையில் ஊறும் நீர், எலிப் பொந்தில் கசியும் நீர், மதகோரம் மண் இளகும் விதம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வகுப்பில் முதல் மாணவி.

"நாளுக்கு எத்தனை புழு எதிர்பார்க்கிறாய்?" என்று கேட்டார் நீர்நாய். உட்காரச் சொல்லவில்லை.

"இருபது, தலைவரே."

நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருபதா! இந்தச் சேற்றிலேயே பிறந்து, இந்தச் சேற்றிலேயே படித்துவிட்டு இருபதா! உன்னோடு படித்தவர்கள் ஆறு போதும் என்று வெளியே நிற்கிறார்கள். உனக்கு எட்டு தருகிறேன். வேண்டுமா, வேண்டாமா?"

செவந்தியின் அப்பா சிறகொடிந்து கூட்டில் கிடந்தார். இரண்டு தம்பிகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். அவள் "சரி" என்றாள்.

அவள் திரும்புவதற்குள் தவளன் என்ற கொக்கு வந்து இறங்கினான். வலசை வாத்துகளோடு கடல் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான்.

"வாருங்கள், வாருங்கள்! முதலில் உட்காருங்கள்!" என்று நீர்நாய் எழுந்தே நின்றுவிட்டார். "அங்கே என்ன படித்தீர்கள்?"

"பனிக்கட்டி எப்போது உடையும் என்று கண்டுபிடிக்கும் படிப்பு. என்னோடு படித்தவர்கள் அங்கே நாளுக்கு அறுபது வாங்குகிறார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்."

"அறுபது கொஞ்சம் சிரமம். நாற்பது தரலாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள்! நீங்கள்தான் தலைமைக் காவலர். இதோ, இவள் உங்களுக்கு உதவியாள்."

செவந்திக்குச் சுருக்கென்றது. "தலைவரே, இந்த ஏரி எந்த வருஷம் பனிக்கட்டி ஆனது?"

"பார்த்தீர்களா? இந்த வாய்த்துடுக்கைத்தான் இங்கே கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்!" என்றார் நீர்நாய்.

மறுநாள் முதல் செவந்தி விடிந்ததும் கரையில் நடக்கத் தொடங்குவாள். ஒவ்வொரு வளையாகக் குனிந்து பார்ப்பாள். தவளன் மதகுத் தூணில் ஒற்றைக் காலில் நிற்பான். ஐந்தாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஒரே கரை, ஒரே வெயில்! உனக்கு நாற்பது, எனக்கு எட்டு! இதுவரை நீ எத்தனை வளை பார்த்தாய்?"

தவளன் தூக்கிய காலைக் கீழே வைத்தான். "உனக்கு எட்டா? சத்தியமாக எனக்குத் தெரியாது." தூணிலிருந்து கரைக்கு இறங்கி வந்து சொன்னான்: "நண்டு வளை எப்படி இருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது. தலைவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் பங்கில் பத்துப் புழு எடுத்துக்கொள்."

"உன் பிச்சை யாருக்கு வேண்டும்! எனக்கு என் கூலி வேண்டும்!" என்று கத்திவிட்டு அவள் நடந்தாள்.

மழை வந்தது. பத்து நாள் விடாமல் பெய்து ஏரி முட்ட நிரம்பியது. பதினோராம் நாள் உச்சிப்பொழுதில், கரையின் வெளிப்புறத்தில் ஒரு நண்டு வளையிலிருந்து நீர் கசிவதைச் செவந்தி பார்த்தாள். தெளிந்த நீர் என்றால் பயமில்லை. இது செம்மண்ணாய்க் கலங்கி வந்தது. உள்ளே கரை கரைகிறது!

ஒரே பறப்பாகத் தலைவரிடம் போனாள். "கரை உடையப் போகிறது! எல்லோரையும் மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள்!"

"தலைமைக் காவலர் என்ன சொல்கிறார்?" என்றார் நீர்நாய்.

பின்னாலேயே வந்த தவளன் சொன்னான்: "எனக்கு இந்த விஷயம் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள் சொல்வதைக் கேளுங்கள்!"

நீர்நாய் மீசையை நீவிக்கொண்டார். "நாற்பது வாங்குகிறவருக்கே தெரியாதது, எட்டு வாங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்?"

செவந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எட்டு என்று விலை போட்டது யார்? நீங்கள்! நீங்களே விலையைக் குறைத்துவிட்டு, அந்த விலையைக் காட்டி எனக்கு அறிவில்லை என்கிறீர்களே!"

அதற்கு மேல் அவள் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. வானத்தில் ஏறினாள். தொண்டை கிழியக் கத்தினாள். நாமக்கோழிகள் குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு ஓடின. ஆமைகளும் தவளைகளும் மேடேறின. தவளன் செவந்தியின் தம்பிகளை ஒவ்வொருவராக அலகில் கவ்விக் கொண்டுபோய் மேட்டில் விட்டான். சிறகொடிந்த அப்பா நடந்தே ஏறினார்.

சற்று நேரத்தில் கரை வெடித்தது. தண்ணீர் மீன்களை வாரிக்கொண்டு போனது. நீர்நாயின் வளையும் அதில் சேற்றோடு சேறாகக் கரைந்து போனது. மாலைக்குள் முள்ளிமடை ஏரி வெறும் களிமண் பள்ளமாகக் கிடந்தது.

சேறு வழிய வந்து நின்ற நீர்நாய், "செவந்தி, நீ கேட்ட இருபதை இனிமேல் தருகிறேன்!" என்றார்.

"எதைக் காவல் காக்க?" என்று கேட்டாள் செவந்தி. "நான் இருபது கேட்டபோது இங்கே ஏரி இருந்தது!"

நீர்நாய் தவளனைப் பார்த்தார். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். மேட்டில் நின்ற எல்லோரும் குஞ்சு குட்டிகளோடு அப்படியே பக்கத்து ஏரிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அங்கே தலைவி ஒரு கூழைக்கடாப் பறவை. "எங்கே படித்தாய்?" என்று அவள் கேட்கவில்லை. "என் கரையில் எங்கே பழுது இருக்கிறது, காட்டு" என்றாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் செவந்தி மூன்று இடம் காட்டினாள். கேட்ட கூலி கிடைத்தது. தவளன் அவளிடம் வேலை பழகச் சேர்ந்தான்.

"பழகுகிறவன்தானே, இவனுக்கு எட்டு போதுமா?" என்று கூழைக்கடா கேட்டாள்.

செவந்தியின் கழுத்து இறகு சிலிர்த்தது. "எட்டில் யாருக்கும் வயிறு நிறையாது! வயிறு நிறைகிற அளவுக்குக் கொடுங்கள்!" என்றாள்.

செய்யும் வேலையைப் பார்க்காமல் படித்த ஊரைப் பார்த்துக் கூலி போடுகிறவர், தகுதியுள்ளவரை அவமதிப்பதோடு தன் ஊரையும் அழித்துவிடுவார்.