நண்டு பிடித்தவள் பெயர்

கடலாய்வுக் கூடத்தில் ஏழு வருஷமாகத் தற்காலிக ஊழியராக இருந்த மரியபுஷ்பம் புதுவகை நண்டு ஒன்றைப் பிடித்துத் தந்தாள். அதைப் பற்றிய கட்டுரையில் பதினோரு பெயர்கள். கடலில் கால் நனைக்காத, துறைத்தலைவரின் மருமகன் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் இல்லை. இருந்தால்தான் வேலை நிரந்தரமாகும்.

"நண்டைப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க பேரை எப்படிம்மா போடறது?" என்றார் தலைவர் சபாநாயகம். கட்டுரையை வெளியிடவிருந்த இதழாசிரியரும் மருமகனும் அருகில் இருந்தார்கள்.

"நியாயந்தான் ஐயா." அவள் மேசையில் நாலு நண்டுகளை விட்டாள். "இதுல நம்ம நண்டு எதுன்னு காட்டுங்க. நான் பேசாம வீட்டுக்குப் போயிடறேன்."

மருமகன் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். சபாநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வெகுநேரம் ஆராய்ந்து, ஒன்றைக் காட்டினார்.

"நாலுமே குழம்பு நண்டு ஐயா. நம்ம நண்டு உங்க முதுகுக்குப் பின்னால, புட்டியில இருக்கு."

இதழாசிரியர் பேனாவைத் திறந்தார். "உங்க முழுப்பேர் சொல்லுங்கம்மா."

ஏழு வருஷமாக அடக்கிவைத்த மூச்சை விட்டுவிட்டு அவள் சொன்னாள்.