மூடி இளகிய வாளி

"செத்துப் போச்சுது, பிள்ளை."

சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், சுகந்தியின் வீட்டு வாசலில் நின்றபடியே தில்லைநாதன் சொன்னார்.

யார் செத்தது என்று அவள் கேட்கவில்லை. வாளிக்குள் பியரைப் புளிக்க வைக்கும் ஈஸ்டைத்தான் சொல்கிறார். ஐந்து நாளில் இது நான்காவது சாவு.

வீட்டிலேயே பியர் வடிக்க அவளிடம் பழகுகிறார் அவர். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்து நான்கு.

"என்ன நடந்தது, அண்ணை?"

"மூடியிலை செருகின குழாயிலை நேற்றுக் குமிழி வந்தது. இண்டைக்கு ஒண்டையும் காணேல்லை. வாற மாசம் மகன் வாறான் எண்டவன்."

நான்கு வருடங்களுக்கு முன் மகன் வாங்கி வைத்திருந்த பியர் முழுவதையும் குசினித் தொட்டியில் கவிழ்த்தவர் இவர்தான். அன்று வீட்டை விட்டுப் போனவன் இன்னும் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க இவருக்கு வாய் வராது. அதனால்தான் தன் கையால் வடித்ததை அவனுக்கு ஊற்றிக் கொடுக்க நினைத்தார்.

"மூடியைத் திறந்தனீங்களோ?"

"உயிர் கிடக்கோ எண்டு பாக்கத்தான்."

"எத்தனை தரம்?"

"இண்டைக்கு மட்டுமோ?"

சுகந்தி குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள்.

அவர் வீட்டு நிலவறையில் வாளிக்குக் கம்பளி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு கதிரை. அவர் அங்கேயேதான் குந்தியிருக்கிறார் என்பது தெரிந்தது.

அவள் சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டு மூடியின் விளிம்பைச் சுற்றித் தடவினாள். ஓரிடத்தில் சின்னச் சின்ன நுரை கிளம்பியது.

"மூச்சு இருக்குது, அண்ணை. திறந்து திறந்து மூடி இளகிப் போச்சு. காத்து குழாயாலை வராமல் அதாலை போகுது."

இரண்டு கையாலும் மூடியை அழுத்தினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது.

இருவரும் காத்திருந்தார்கள். தில்லைநாதனின் கை இரண்டு தரம் மூடியை நோக்கிப் போய்த் திரும்பியது.

குழாயில் ஒரு குமிழி எழுந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஆருக்கு?"

"மகனுக்கு. வாறது உறுதியோ எண்டு கேக்கத்தான். முந்தி எடுத்துக் கதைச்சவன். இப்ப ரெண்டு கிழமையா எடுக்கிறானில்லை. என்ன கோவமோ தெரியேல்லை."

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் அடிப்பியள்?"

"காலமை நாலு, பின்னேரம்..." தில்லைநாதன் எண்ணத் தொடங்கினார். பிறகு வாளியைப் பார்த்தார்.

குழாயில் இன்னொரு குமிழி எழுந்தது.

அவர் போனை அவள் கையில் வைத்தார்.

"இது உங்களிட்டை இருக்கட்டும், பிள்ளை. அவனா அடிச்சால் மட்டும் வந்து சொல்லுங்கோ."