உலகத்தைக் காப்பாற்றிய கோணல் சால்

வெகு காலத்துக்கு முன்னால், ஒரு பக்கம் மலையும் மறு பக்கம் ஏரியுமாக இருந்த செங்கானல் நாட்டை கோதண்டவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் தலைக்குள் ஓர் எண்ணம் நுழைந்துவிட்டால் அதை வெளியே அனுப்ப அவருக்குத் தெரியாது.

ஒருநாள் நந்தவனத்தில் உலாவும்போது தெரியாமல் ஓர் எறும்புப் புற்றை மிதித்துவிட்டார். குனிந்து பார்த்தார். முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவை, எதிர்த் திசையில் ஓடுகிறவை, எங்கே ஓடுவதென்று தெரியாமல் அங்கேயே சுற்றுகிறவை. ராஜாவுக்குப் பகீரென்றது. நேரே சபைக்கு வந்தார்.

"அந்த எறும்புகளுக்கு இன்றோடு உலகம் முடிந்துபோயிற்று. நம் மனித குலத்துக்கு முடிவு எப்படி வரும்? சொல்லுங்கள்."

ஆஸ்தான சோதிடர் காலகண்டர் எழுந்தார். அமைச்சர் அம்பலவாணரின் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகு நாளாகக் கண். "பெருவெள்ளத்தால் அரசே. கிரகங்கள் அப்படித்தான் நிற்கின்றன" என்றார்.

"வானத்திலிருந்து நெருப்பு விழும்" என்றார் சேனாபதி.

"கொள்ளைநோய் வரும். மனிதனை மனிதன் தொட்டே சாவான்" என்றார் வைத்தியர்.

"இதில் எது சரி?"

"மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு அரசே" என்று காலகண்டர் முந்திக்கொண்டார். எது நடந்தாலும் தான் சொன்னது தவறாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய சோதிடம்.

ராஜா மூன்றுக்கும் உத்தரவு போட்டார். வெள்ளத்துக்காக ஜனங்கள் மலை ஏற வேண்டும். நெருப்புக்காக ஏரியில் இறங்கி நிற்க வேண்டும். நோய்க்காக ஒருவர் பக்கத்தில் ஒருவர் வரக்கூடாது. தண்டோரா போடுகிறவன் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

"அண்ணே, இப்ப ஏறணுமா, எறங்கணுமா?" என்று ஒருத்தி அவனைக் கேட்டாள்.

"காலையில ஏறச் சொன்னேன். இப்ப எறங்கச் சொல்றேன். எதுக்கும் நீ பாதியில நில்லு தாயி."

"பாதியில எங்க வீட்டுக்காரர் நிக்கிறாரே?"

"அப்ப அவருக்குத் தள்ளி நில்லு."

ராஜாவோ மலைக் குகைக்குள் போய் உட்கார்ந்தவர் வெளியே வரவே இல்லை.

இப்படி ஊரே ஏறி இறங்கிக்கொண்டிருக்கையில் ஆடி மாதம் வந்தது, மழையும் பெய்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா தன் கையால் ஏர் பூட்டி முதல் சால், அதாவது முதல் உழவுக் கோடு, ஓட்டின பிறகுதான் மற்றவர்கள் நிலத்தில் ஏர் வைப்பார்கள். அமைச்சர் குகைக்கு ஓடினார்.

"அரசே, ஈரம் காய்வதற்குள் வந்து ஒரு சால் ஓட்டிவிட்டுப் போங்கள்."

"உலகமே முடியப்போகிறது, உமக்கு உழவு கேட்கிறதா?"

காலகண்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நாங்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னோம். அமைச்சர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆசனத்தில் நான் இருந்தால் இந்நேரம் தப்பிக்கும் வழியும் சொல்லியிருப்பேன்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "அம்பலவாணரே, நாளைக்குள் ஒரு வழி சொல்லும். இல்லையென்றால் ஆசனம் இவருக்கு. நீர் நாட்டை விட்டுப் போகலாம்."

அமைச்சருக்கு உள்ளூரப் பயம்தான். ஆசனம் போனால் போகட்டும், ஈரம் போய்விட்டால் ஊர் எதைச் சாப்பிடும் என்று யோசித்துக்கொண்டே இறங்கினார். மறுநாள் தெளிந்த முகத்தோடு வந்தார்.

"வழி கிடைத்துவிட்டது அரசே. ஊர் எல்லையில் உங்கள் கையால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோடு இருந்தால் குடிகள் பிழைப்பார்கள்."

"எதை வைத்துக் கிழிப்பது?"

"இரும்பு முனை பொருத்திய மரத்தால். இரண்டு காளைகள் இழுக்கும்."

இருந்த கலக்கத்தில் அது என்ன சாமான் என்று ராஜா யோசிக்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்து மேழிக் கைப்பிடியைப் பிடித்தார், காளைகள் நடந்தன. பாதி தூரம் போனதும் பின்னாலிருந்து காலகண்டர் கத்தினார். "அரசே, அமைச்சர் உங்களை ஏமாற்றுகிறார். நீங்கள் ஓட்டுவது வெறும் ஏர்!"

ராஜா கையைப் பார்த்தார். ஏர்தான். கோபத்தோடு நிமிர்ந்தால், வரப்பு நெடுக ஜனங்கள் ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி, தோளில் ஏரோடு நிற்கிறார்கள்.

"இவர்கள் ஏன் ஏரோடு நிற்கிறார்கள்?"

"அவர்களையே கேளுங்கள் அரசே" என்றார் அமைச்சர்.

முன்னால் நின்ற கூத்தன் என்ற குடியானவன் சொன்னான். "நீங்க ஓட்டி முடிச்சாத்தானே மகாராசா நாங்க ஏர் வைக்கலாம்?"

"நான் வராமலே இருந்திருந்தால்?"

"காத்திருந்திருப்போம்."

"ஈரம் காய்ந்துபோனால் என்ன சாப்பிடுவீர்கள்?"

கூத்தன் தலையைச் சொறிந்தான். "அது தெரியலீங்க. நீங்க யோசிச்சிருப்பீங்கன்னு நாங்க நெனச்சோம்."

ராஜா சோதிடர் பக்கம் திரும்பினார். "காலகண்டரே, வெள்ளம் வருமா?"

"வரலாம், வராமலும் போகலாம்."

"நெருப்பு?"

"அதுவும் அப்படித்தான்."

"ஊரில் சோறு இல்லாவிட்டால்?"

காலகண்டர் தரையைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு நிச்சயமான பதில் ஒன்று தெரிந்திருந்தது. சொல்லத்தான் நாக்கு வரவில்லை.

"அம்பலவாணரே, முடிவு எங்கிருந்தோ வரும் என்று பயந்தேன். நானே அதைக் குகைக்குள் உட்கார்ந்து வளர்த்திருக்கிறேன்" என்று ராஜா வெட்கத்தோடு சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். பிறகு சோதிடரிடம், "உமக்கு ஆசனம்தானே வேண்டும்? தருகிறேன்" என்றார்.

உழுத சேற்றைச் சமன்படுத்த மாடுகள் இழுக்கிற பரம்புப் பலகையில் பாரத்துக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். அன்று முழுக்கக் காலகண்டர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். சேனாபதியும் வைத்தியரும் மாடு ஓட்டினார்கள்.

ராஜா பாதியில் விட்ட உழவைத் தொடர்ந்தார். வழியில் ஓர் எறும்புப் புற்று இருந்தது. காளைகளை இழுத்துப் பிடித்து, அதைச் சுற்றிக்கொண்டு போய் ஓட்டி முடித்தார். அதற்கப்புறம்தான் ஜனங்கள் ஓவென்று வயலுக்குள் இறங்கினார்கள்.

இன்றைக்கும் அந்த ஊரில் முதல் சால் நடுவில் கொஞ்சம் வளைந்துதான் போகும். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நேராக ஓட்டினால் உலகம் முடிந்துவிடும் என்று மட்டும் சொல்கிறார்கள்.