தோசைக்கல்லும் அருவாமனையும்

பிறத்தியார் படகில் முப்பது வருஷம் வலை இழுத்த வைரக்கண்ணு, கடைசியில் சொந்தமாகப் படகு வாங்கப் போனார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். இரண்டு மாதமாகியும் வாங்கியபாடில்லை.

கரையில் இரண்டு படகுகள் விலைக்கு நின்றன. ஒன்றுக்கு அடி தட்டை, மற்றதற்கு அடி கூர். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை எடுக்காவிட்டால் இரண்டையும் வேறு ஊருக்கு ஏற்றிவிடுவதாக விற்பவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

விடிந்ததும் விடியாததுமாக, ஊர்ச் சாமியாரான தன் குருவிடம் ஓடினார். குருவும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ‘சாமி’ என்று பயபக்தியோடுதான் கூப்பிடுவார். பதற்றம் வந்தால் மட்டும் ‘டேய்’ முந்திக்கொள்ளும்.

“சாமி, தட்டையடி மணல்ல சுளுவா ஏறும், அலையில இடுப்பை ஒடிச்சிரும். கூரடி அலையைக் கிழிச்சிக்கிட்டுப் போவும், மணல்ல சாஞ்சிரும். எதை எடுக்கட்டும்?”

“கரையில நாலு பேரைக் கேட்டியா?”

“கேக்குறதென்ன, ஒரு படகு விடாம தட்டிப் பார்த்துட்டேன். முனியனோடது தட்டையடி. ‘இது படகா, தோசைக்கல்லா’ன்னேன். கலியனோடது கூரடி. ‘அருவாமனையில ஏறியா மீன் புடிக்கிறே’ன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“என்னத்தைச் சொல்லுவானுங்க? வாயை மூடிக்கிட்டானுங்க.”

சாமி எழுந்தார். “வா, ரெண்டையும் தண்ணியில இறக்கிப் பார்த்துருவோம்.”

அந்த ஊரில் துறைமுகம் கிடையாது, வெறும் மணல்தான். யார் படகு இறங்கினாலும் ஒரு குரல் கொடுத்தால் போதும், கரையில் நிற்பவர்கள் ஓடிவந்து தோள் கொடுப்பார்கள்.

வைரக்கண்ணு குரல் கொடுத்தார். முனியன் குனிந்து வலையில் கிழிசல் தேடினான். கலியன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்ப்பவன்போல நின்றான்.

இன்னொரு முறை கத்தினார்.

“எனக்குத் தோசை சுடத்தான் தெரியும்ணே,” என்றான் முனியன்.

“அருவாமனையாச்சே, கையைக் கிழிச்சிரும்ணே,” என்றான் கலியன்.

சாமி காவியை வரிந்து கட்டினார். இருவருமாகத் தட்டையடியைத் தள்ளினார்கள். படகு அசையவில்லை, வைரக்கண்ணுவின் கால்தான் முழங்கால்வரை மணலில் இறங்கியது. கூரடியைத் தள்ளினார்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. படகுகளை ஏற்றிப்போக லாரியும் வந்து நின்றது. முப்பது வருஷத்து ஆசை கண்ணெதிரே ஊரைவிட்டுப் போகப்போகிறதே என்று வைரக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“டேய், சொல்லித் தொலைடா! எதைத்தான் எடுக்குறது?”

சாமி மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு இரண்டு படகுகளையும் நிதானமாக ஒருமுறை பார்த்தார்.

“எப்படியும் மணல்லதான் நிக்கப்போகுது. பார்க்க எது அழகா இருக்கோ, அதை எடு.”