காக்காமடைக்காரர்கள் மூன்று வண்டிகளில் உட்கார்ந்து பார்த்தது

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் களத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. "களக்... களக்... சளார்!" குளத்தில் எருமை இறங்குகிற மாதிரி. காக்காமடைக் குளம் வற்றி இரண்டு வருஷம் ஆகிறது. எருமையை விற்று மூன்று வருஷம். செண்பகவல்லி பத்து மாதக் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

அவள் புருஷன் ஆவுடையப்பன், நிறுத்தி வைத்திருந்த பெரிய காரின் டிக்கிக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் உய்க்காட்டான் பக்கத்தில் நின்று, ஒரு குடத்துக்கு ஒரு கோடாகச் சுவரில் கரியால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணுதீங்க?"

"இந்த டிக்கி ஐநூறு லிட்டர் பிடிக்கும்னு தரகர் சொன்னாரா இல்லியா? வாய்ச்சொல்லை நம்பிப் பிள்ளையை ஏத்த முடியுமா? பிடிக்குதான்னு பாக்கோம்."

விஷயம் இதுதான். மறுநாள் காலை குழந்தைக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலோ அறுபது கிலோமீட்டர், பாதிக்கு மேல் மலை வளைவு. போன மாதம் மினிபஸ்ஸில் இருபது கிலோமீட்டர் போனதற்கே குழந்தை நீலம் பாரிக்க அழுது, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது. அதிலிருந்து செண்பகவல்லிக்கு வண்டி என்றாலே நெஞ்சு படபடக்கும். "பிள்ளைக்கு நோகாமப் போகணும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும்" என்று ஒரு வாரமாக அவள் சொல்லாத நேரமில்லை.

அதனால்தான் வாடகை வண்டித் தரகர் சீனி தன்னிடமிருந்த மூன்று எஸ்யூவிகளையும், சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரிசையாகக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். போகும்போது, "ஒவ்வொண்ணுலயும் நிதானமா உட்கார்ந்து பாருங்க. வண்டியை மட்டும் கிளப்பிடாதீங்க. எது வசதியா இருக்கோ அதுல விடிய அஞ்சு மணிக்கு ஏறி உட்கார்ந்திருங்க. ஏழு மணிக்குக் கோயில்ல இருப்பீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார். காக்காமடைக்காரர்களிடம் ஒரு பெரிய குணம், சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தரகர் வெளியூர்க்காரர். அவருக்கு இது தெரியாது, பாவம்.

முப்பத்து மூன்று குடம் ஊற்றியும் டிக்கியில் ஒரு சொட்டு நிற்கவில்லை. நடுத்தர வண்டியிலும் நிற்கவில்லை. சின்னதிலும் இல்லை.

உய்க்காட்டான் கரித்துண்டைக் காதில் செருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "மூணுலயும் நின்ன தண்ணி ஒரே அளவு. ஆக, இடவசதியில மூணும் ஒண்ணுதான். இனிமே சீட்டுதான் பாக்கி."

சீட்டைப் பார்க்கச் செண்பகவல்லியின் தம்பி கொம்பையா கூப்பிடப்பட்டான். காதுகுத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும்? மடியில் போய்ச் சேரவேண்டிய பிள்ளை மடியிலேயே போவதுதான் முறை என்று முடிவாயிற்று. கொம்பையா ஆறடி உயரம். அதற்குத் தக்க அகலமும் உண்டு.

சின்ன வண்டியில் அவன் உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன. உய்க்காட்டான் டார்ச்சை அடித்து உள்ளே தேடினார்.

"மாப்ள, மடி எங்க?"

"இங்கதான் இருந்துது பெரியத்தான்."

"நல்லாத் தேடிப் பாரு."

தேடியும் கிடைக்கவில்லை. சின்ன வண்டி தள்ளுபடி.

நடுத்தர வண்டியில் மடி வந்தது. ஆனால் சீட்டு அப்படியொரு மெத்து. உட்கார்ந்த மறுநிமிஷமே கொம்பையா குறட்டை விட்டான்.

"சௌகரியம் கூடிப்போச்சு" என்றான் ஆவுடையப்பன் கவலையோடு. "மடி தூங்கிட்டா பிள்ளையை யாரு பிடிப்பா?"

அதுவும் தள்ளுபடி.

பெரிய வண்டியின் நடு வரிசையில் மடி அகலமாக, சமமாக, பலகை மாதிரி அமைந்தது. செண்பகவல்லிக்கே மூச்சு வந்தது. அப்போதுதான் உய்க்காட்டான் கையை உயர்த்தினார்.

"பொறுங்க. இதுல கடைசி வரிசை குழந்தைங்களுக்குத்தான்னு தரகர் சொல்லியிருக்காரு."

"அப்ப பிள்ளை கடைசி வரிசையில, மடி நடு வரிசையிலயா?" என்றான் ஆவுடையப்பன்.

"அது எப்படிலே? பிள்ளை எங்கயோ மடியும் அங்கதான்."

மடியைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். கொம்பையா குடை மாதிரி மடங்கி உள்ளே போனான். குடை மாதிரி விரிந்து வர முடியவில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

"ஐயோ அக்கா, என் இடுப்பு!" என்று முனகியபடி கொம்பையா வீட்டுக்குள் போய் நடுக்கூடத்து பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தான். குழந்தை தாயின் இடுப்பிலிருந்து தாவி அவன் மடிக்குப் போனது. ஒரு கொட்டாவி. தூங்கிவிட்டது.

எல்லோரும் அசையாமல் நின்று பார்த்தார்கள்.

"மடி இருக்கு" என்றார் உய்க்காட்டான் மெதுவாக.

"மடி தூங்கவும் இல்ல" என்றான் ஆவுடையப்பன்.

"கால் நீட்ட இடமிருக்கு. தலைக்கு மேல பாரு, ஏணி வச்சாலும் எட்டாது. ஜன்னல் நாலு."

"ஆனா பெரியத்தான்," என்றான் கொம்பையா, "வீடு நகராதே?"

"லேய், வண்டியைக் கிளப்பக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரு. அந்த மூணும் நகராது, இதுவும் நகராது. அந்த வகையில நாலும் ஒண்ணுதான்."

அதுவரை தலையில் அடித்துக்கொண்டு நின்ற செண்பகவல்லி, தூங்குகிற குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மலை வளைவுல ஆடாதே?"

"ஆறடி அஸ்திவாரம் போட்டு ஏத்தியிருக்கு தாயி. எப்படி ஆடும்?"

ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் கண்ணயர்ந்தாள்.

விடிய ஐந்து மணிக்குச் சீர்த்தட்டு, பழம், வெற்றிலை எல்லாம் கூடத்தில் ஏறியாயிற்று. கொம்பையா பெஞ்சின் நடுவில், மடியில் குழந்தை. ஆவுடையப்பன் வலப்பக்கம். உய்க்காட்டான் பெரியவர் என்பதால் முன்னால், நாற்காலியில். செண்பகவல்லி ஜன்னல் ஓரம், கையில் எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஹாரன் அலறியது.

"பின்னால ஒருத்தன் முந்தப் பாக்கான்" என்றார் உய்க்காட்டான் திரும்பாமல்.

"போகட்டும்ணே. நமக்கு ஏழு மணிக்குள்ள போனாப் போதும்."

ஹாரன் நின்றது. யாரோ ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். "ஐயா! நான் சீனி! நேரமாச்சு, கதவைத் திறங்க!"

செண்பகவல்லிக்கு ரத்தம் கொதித்தது. "ஓடுற வண்டியில கதவைத் திறக்கச் சொல்லுதானே, பாவி! பிள்ளை விழுந்துரும்லா?"

ஆட்டத்தில் சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போய், மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டையும் உள்பக்கமாகப் போட்டாள்.